ஊமைப் படமும் பேசும் படமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பியை முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளை, எட்டாம் வகுப்புப் படிக்கிறவள், அப்பாவின் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"தாத்தா, இது என்ன அணில்னு சொல்லுங்க பார்ப்போம்."

மகாராஜபுரத்திலிருந்து தாணிப்பாறை போகிற வழியில் அவர்களுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. அங்கே ஒரு புளியமரத்தில் எடுத்த படம். பூனை அளவு உடம்பு, கீழே தொங்கும் நீள வால், உடம்பெல்லாம் நரைத்த சாம்பல் ரோமம். நான் காரைக்கால்காரன்தான் என்றாலும், ஓய்வு பெற்று மனைவியின் ஊரான இங்கே வந்து பல வருடம் ஆகிவிட்டது. இந்த அணில்கூடத் தெரியாவிட்டால் எப்படி?

"சாம்பல் நிற அணில். நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் அணில்" என்றேன்.

"இல்ல தாத்தா. போன் வேற சொல்லுது."

போனில் இருந்த ஏதோ ஒரு படத்தேடல் கருவியில் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறாள். அது மலபார் மலை அணில் என்று சொல்லி, செம்பழுப்பும் கறுப்புமாக அழகான படங்களை வரிசையாகக் காட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்களாம். பிள்ளை நோட்டில் அணிலை வரைந்து, கீழே பெயரும் எழுதி, கலரும் அடித்துவிட்டாள். செம்பழுப்புக் கலர்.

"நீ மரத்துல பார்த்தப்ப என்ன கலர்ல இருந்துச்சு பாப்பா?"

"சாம்பல் கலர்தான் தாத்தா. வெயில்ல அப்படித் தெரியுதுன்னு நினைச்சேன்."

இந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. கண்ணால் பார்த்தது சாம்பல். போன் சொன்னது செம்பழுப்பு. பிள்ளை தன் கண்ணைச் சந்தேகப்பட்டாளே தவிர, போனைச் சந்தேகப்படவில்லை. அன்று மத்தியானம் படுத்தால் தூக்கம் வரவில்லை. என் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய ஒரு வரைபடம்தான் கண் முன்னால் வந்து நின்றது. அந்த வரைபடத்திலிருந்து இந்தச் செல்போன் வரைக்கும், படத்தைக் காட்டிப் பாடம் சொல்லும் வித்தை எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். நண்பர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை இந்தியாவிடம் கொடுத்துவிட்டார்கள். சட்டப்படி முழுதாக மாறியது 1962 ஆகஸ்ட் 16இல். நாங்கள் இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் பலகையும் பலப்பமும் பிடித்த கூட்டம். வெளியே தேசியக் கொடி, வகுப்புக்குள் பிரெஞ்சுப் புத்தகம். வாத்தியாரை 'முசே' என்றுதான் கூப்பிட வேண்டும்.

முசே வகுப்புக்குள் வந்ததும் ஆணியில் ஒரு பெரிய வரைபடத்தை மாட்டுவார். வீதால் த லா பிளாஷ் என்ற பிரெஞ்சுப் புவியியல் அறிஞர் தயாரித்த வரிசை. 1885 முதல் பிரெஞ்சுப் பள்ளிகளின் சுவர்களில் எல்லாம் தொங்கியது. அதில் ஒரு விசேஷம் உண்டு. முன்பக்கத்தில் ஆறு, மலை, பட்டணம் எல்லாவற்றுக்கும் பெயர் அச்சடித்திருக்கும். பின்பக்கத்தில் அதே நாடு, அதே ஆறு, அதே மலை. ஆனால் ஒரு பெயர்கூட இருக்காது. முன்பக்கத்துக்குப் 'பேசும் வரைபடம்' என்றும் பின்பக்கத்துக்கு 'ஊமை வரைபடம்' என்றும் பெயர். 'கார்த் முயெத்' என்பார் முசே. முக்கால் மணி நேரம் பேசும் பக்கம். கடைசிக் கால் மணி நேரம் வரைபடத்தைத் திருப்பி மாட்டிவிட்டு, பிரம்பால் ஓர் இடத்தைத் தொடுவார். நாம் எழுந்து பெயர் சொல்ல வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் வயிற்றைக் கலக்கும். ஆனால் லுவார் ஆறு எங்கே வளைகிறது என்று இந்த வயதிலும் கண்ணை மூடிக்கொண்டு என்னால் காட்ட முடிகிறது. அந்த ஆற்றை நான் நேரில் பார்த்ததே இல்லை.

படம் காட்டிப் பாடம் சொல்வது அதற்கும் வெகு காலம் முந்தியது. மொராவியா நாட்டில் பிறந்த கொமேனியஸ் என்ற பாதிரியார் 1658இல் நியூரம்பெர்க் நகரில் 'ஓர்பிஸ் பிக்தூஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். படத்தில் தெரியும் உலகம் என்று பொருள். பிள்ளைகளுக்கென்று படங்களோடு அச்சான பாடப்புத்தகங்களில் அதுவே முன்னோடி. ஏறக்குறைய 150 பாடங்கள், பாடத்துக்கு ஒரு படம். படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். கீழே அதே எண்ணைப் போட்டு லத்தீனிலும் ஜெர்மனிலும் அதன் பெயர். பிள்ளை படத்தில் விரல் வைத்து, எண்ணைப் பிடித்து, பெயருக்கு வந்துசேர வேண்டும். இன்றைக்கு நம் பேரப்பிள்ளைகள் திரையில் விரல் வைப்பதும் இதே வேலைதான். அன்றைக்கு எண்ணைத் தேடியது பிள்ளையின் கண். இன்றைக்குத் தேடுவது இயந்திரம்.

அடுத்த நூற்றாண்டில் பாரிசில் திதரோ தன் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தார். 1751 முதல் 1765 வரை 17 தொகுதிகள் எழுத்து. அதோடு 1762 முதல் 1772 வரை 11 தொகுதிகள் முழுக்கப் படங்கள். ஊசி செய்கிறவன், கண்ணாடி ஊதுகிறவன், தறி நெய்கிறவன் என்று தொழிலாளியின் பட்டறையையும் கருவிகளையும் அங்கம் அங்கமாகப் பிரித்து வரைந்து, எழுத்து போட்டுக் குறித்திருப்பார்கள். தச்சனின் உளிக்கும் ஒரு பெயர் உண்டு, அது புத்தகத்தில் ஏறத் தகுந்தது என்று காட்டியது அந்தப் படத் தொகுதிகள்தான்.

எங்கள் பள்ளியில் திதரோ இல்லை. 'பெத்தி லரூஸ்' இருந்தது. 1905இல் முதலில் வெளிவந்த படம் போட்ட அகராதி. அட்டையில் ஒரு பெண் பூவிதையை வாயால் ஊதிக் காற்றில் பறக்கவிடுவாள். முன்பாதி சொற்கள், பின்பாதி ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும், நடுவில் ரோஸ் நிறத் தாளில் லத்தீன் மொழிகள். ஒரு பக்கம் முழுக்கப் பறவை, ஒரு பக்கம் முழுக்கக் கப்பல் என்று படங்கள் இருக்கும். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு முன்னால் ஒரு மணி நேரம் அதைப் புரட்ட விடுவார் முசே. அங்கேதான் நான் பனியைப் பார்த்தேன், ஆப்பிள் மரத்தைப் பார்த்தேன், வீட்டுக் கூரையில் புகைபோக்கியைப் பார்த்தேன். ஆனால் எங்கள் ஊர் அரசலாற்றங்கரையில் நின்ற கொக்குகளில் எது எந்தக் கொக்கு என்று எனக்கு அந்தப் புத்தகம் சொல்லவில்லை. படம் போடுகிறவன் எந்த ஊர்க்காரனோ, அந்த ஊர்ப் பொருள்தான் படத்தில் வரும். அப்போது இது புரியவில்லை. அணில் விஷயத்துக்குப் பிறகு நன்றாகப் புரிகிறது.

தமிழில் அந்த மாதிரிப் புத்தகம் இல்லையா என்று கேட்பீர்கள். 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வந்தது. தனி ஒரு மனிதர் ஆயிரத்துக்கும் அதிகமான பக்கங்களைத் தொகுத்த அதிசயம் அது. ஆனால் புராணம், இலக்கியம்தான் அதற்கு உயிர். அறிவியலும் படமுமாக வந்தது தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் 'கலைக்களஞ்சியம்'. தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் 1946இல் அந்தக் கழகத்தைத் தொடங்கினார். பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியர். 1954இல் முதல் தொகுதி வந்தது. 1968 வரை பணி நடந்தது. பிறகு அதே தூரன் பிள்ளைகளுக்காக 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' என்று பத்துத் தொகுதிகள் கொண்டுவந்தார். 1968இல் தொடங்கி 1976இல் முடிந்தது. பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம். என் மூத்த பையனுக்கு நூலகத்தில் உட்காரவைத்து அதைத்தான் காட்டினேன். யானையைப் பற்றி அதில் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தும்பிக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். இப்போது இரண்டு களஞ்சியங்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பேரப்பிள்ளை உள்ளவர்கள் கட்டாயம் பாருங்கள்.

தேடுவது என்ற வித்தையைப் பற்றிப் பேசும்போது எங்கள் காரைக்காலுக்கு வடக்கே உள்ள சீர்காழிக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போனால் பாவம். சீ. இரா. அரங்கநாதன். 1892இல் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போட்டார்கள். லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில், செல்ஃப்ரிட்ஜ் கடையில் 'மெக்கானோ' விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே சில தகடுகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகும், பாலமும் ஆகும். புத்தகங்களையும் இப்படிப் பகுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியதாம். 1933இல் கோலன் பகுப்புமுறை வந்தது. ஒரு புத்தகத்தை ஒரே அலமாரியில் அடைத்துவிடாமல், எதைப் பற்றியது, எந்தத் தன்மை, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று பல முகமாகப் பிரித்துப் பார்ப்பது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. இன்றைக்குத் தேடுபொறி செய்கிறவர்கள் எல்லாரும் அந்த விதியைத்தான் வைத்துப் பிழைக்கிறார்கள்.

இனிக் கம்ப்யூட்டர் காலம். 2001ஆம் வருடம். நான் அப்போது புதுச்சேரியில் மேல்நிலை எழுத்தர். பகலெல்லாம் கோப்பு. சாயங்காலம் சில நாள், மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் பிரௌசிங் சென்டருக்குப் போவேன். அந்த வருடம் ஜூலை மாதம் கூகுள் படத்தேடலைத் தொடங்கியது. ஆரம்பத்தில் 25 கோடிப் படங்கள். அதற்குக் காரணம் ஜெனிபர் லோபஸ் என்ற அமெரிக்கப் பாடகி 2000ஆம் வருடம் விருது விழாவுக்கு உடுத்திக்கொண்டு வந்த ஒரு பச்சை உடை என்று அந்த நிறுவனத்தின் எரிக் ஷ்மிட்டே பிற்பாடு எழுதினார். உலகமே அந்த உடையைப் பார்க்க வேண்டும் என்று தேடியிருக்கிறது, வந்ததோ வெறும் எழுத்துப் பட்டியல். பிள்ளைகள் இன்றைக்கு இதயத்தின் படத்தையும் எரிமலையின் படத்தையும் தேடிப் படிக்கிறார்கள் என்றால், அதற்கு அந்த அம்மாளின் உடைக்கும் ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அதே 2001இல் பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரான் என்ற ஊரிலிருந்து 'கார்த்தூ' என்று ஒரு தேடுபொறி வந்தது. லொரான் பாலேதியே, நிக்கோலா பாலேதியே என்ற இருவர் செய்தது. பிரெஞ்சில் 'கார்த்' என்றால் வரைபடம். அதனால்தான் எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. நாம் ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வேறு பல தேடுபொறிகளைக் கேட்டு, கிடைத்த தளங்களை எல்லாம் ஒரு வரைபடமாக விரிக்கும். பொருத்தமான தளம் பெரிய உருண்டை, மற்றது சின்ன உருண்டை. உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே எந்தச் சொல்லால் உறவு என்று கோடு ஓடும். 'மிளகு' என்று பிரெஞ்சில் கேட்டுப் பார்த்தேன். ஒரு மூலையில் சமையல், ஒரு மூலையில் வாணிபம், ஒரு மூலையில் இந்தியா. சீர்காழிக்காரர் சொன்ன பல முகங்கள் திரையில் விரிந்தது போலிருந்தது. ஒரு மாணவன் இதைப் பார்த்தால், தான் கேட்ட ஒரு சொல்லுக்கு எத்தனை வாசல் இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துகொள்வான் என்று எண்ணினேன். இதே போல 'குரோக்கர்' என்று அமெரிக்காவிலும் ஒன்று இருந்தது.

ஆனால் அவை நிலைக்கவில்லை. குரோக்கர் 2009இல் போயிற்று. கார்த்தூவை 2010 ஜனவரியில் மூடிவிட்டார்கள். படமாக விரிய 'ஃபிளாஷ்' என்ற மென்பொருள் வேண்டும். எங்கள் சென்டரில் இருந்த இணைப்புக்கு அது ஊர்ந்து ஊர்ந்து வரும், வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்து நாற்காலிப் பையன் பட்டியலில் முதல் வரியைத் தட்டிவிட்டு வேலை முடிந்து போய்விடுவான். முதல் வரி போதும் என்கிறவனுக்கு வரைபடம் எதற்கு? அந்த ஃபிளாஷும் 2020 கடைசியோடு முடிந்துவிட்டது. பேசும் படம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்று உலகம் முடிவு செய்துவிட்டது.

நம் பள்ளிக்கூடங்களுக்கு இது வந்த கதையும் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2018இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடப்புத்தகம் வந்தபோது, பாடத்தின் ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று அச்சடித்திருந்தது. க்யூஆர் கோடு. ஜப்பானில் கார் உதிரி பாகங்களை அடையாளம் காண்பதற்காக 1994இல் டென்சோ நிறுவனம் கண்டுபிடித்தது. போனைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். கொமேனியஸ் படத்தின் மேல் எண் போட்டார், நாம் பாடத்தின் மேல் கட்டம் போட்டோம். இதில் ஒரு நல்லது, கட்டத்துக்குப் பின்னால் என்ன வர வேண்டும் என்று ஓர் ஆசிரியர் குழு பார்த்து வைத்திருக்கிறது. வழி தவறிப் போக முடியாது.

படத்தையே கொடுத்துத் தேடுவது வேறு கதை. ஆரம்பத்தில் படத்தேடல் என்பது படத்தைப் பார்க்கவே இல்லை. படத்தைச் சுற்றியிருந்த எழுத்தைத்தான் படித்தது. கோப்பைப் பிரிக்காமல் மேலட்டையில் எழுதியிருக்கும் பொருளை வைத்து எடுத்துக் கொடுக்கிற பதிவறை எழுத்தர் மாதிரி. 2008இல் கனடாவிலிருந்து 'டின்ஐ' வந்தது, 2011இல் கூகுளும் படத்தைக் கொடுத்துத் தேட வழி செய்தது. 2017இல் 'லென்ஸ்' வந்தது. இப்போது போனைக் காட்டினால் போதும்.

இயந்திரத்துக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று தேடிப் படித்தேன். ஃபெய்-ஃபெய் லீ என்ற பேராசிரியையும் அவர் குழுவினரும் 2009இல் 'இமேஜ்நெட்' என்ற படத் தொகுப்பை வெளியிட்டார்கள். அது வளர்ந்து 20,000க்கு மேற்பட்ட தலைப்புகளில் ஒரு கோடியே 40 லட்சம் படங்கள் ஆயிற்று. ஒவ்வொரு படத்துக்கும் இது இன்னது என்று பெயர் குறித்தது இயந்திரம் இல்லை, மனிதர்கள். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 49,000 பேர் இணையம் வழியாகக் கூலிக்கு உட்கார்ந்து, படம் படமாகப் பார்த்து, ஆம், இல்லை என்று தட்டியிருக்கிறார்கள். 2012இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தார் அந்தத் தொகுப்பை வைத்துப் பழக்கிய இயந்திரம் போட்டியில் மற்ற எல்லாவற்றையும் வெகு தூரம் பின்தள்ளிவிட்டது. அங்கிருந்துதான் இந்த ஓட்டம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசுக்குள் ஒரு நெகிழ்ச்சியும் வந்தது. பெயர் தெரியாத 49,000 எழுத்தர்கள்! நானும் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அதே வேலைதானே செய்தேன். வந்த தபாலைப் பார்த்து, பொருள் எழுதி, எண் போட்டு, சரியான கோப்பில் சேர்ப்பது. எழுத்தர் தவறான பொருள் எழுதிவிட்டால் அந்தக் கோப்பு அத்தோடு தொலைந்தது. அதேபோல ஒரு விஷயத்துக்குக் கோப்பு கனமாக இருந்து, அதைப் போன்ற இன்னொன்றுக்கு நாலே தாள் இருந்தால், புதுத் தபாலும் கனமான கோப்புக்கே போய்ச் சேரும். அணிலுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். செம்பழுப்பு மலை அணிலுக்கு இந்தியா முழுக்க எடுத்த படம் குவிந்து கிடக்கிறது. நம் சாம்பல் நிற அணில் இலங்கையிலும் தென்னிந்தியாவில் சில காடுகளிலும்தான் உண்டு. அதற்காகத்தான் 1988இல் இங்கே சரணாலயமே வைத்தார்கள். 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. கோப்பு மெலிந்த பிராணி அது.

இன்னொன்றும் சொல்கிறேன், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தமிழக அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் எது? ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் 1949இல் வரைந்தது. நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் என்றுதான் சொல்வார்கள். மதுரை மேற்குக் கோபுரம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. முத்திரையைப் படமாகக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். இரண்டு பக்கத்தாரும் எழுதியது எல்லாம் வந்து விழும். கோபுரத்தைப் பார்த்து முடிவு சொல்ல அந்தக் கருவிக்கு வழியில்லை. அதற்கு ஓவியரின் குறிப்பு வேண்டும், கோப்பு வேண்டும், இரண்டு கோபுரத்தின் கீழும் போய் நின்று நிலையை எண்ணிப் பார்க்கிற பொறுமை வேண்டும். தேடல் முடிகிற இடத்தில்தான் படிப்பு தொடங்குகிறது.

சரி, பிள்ளை கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் அவளையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனேன். அங்கே காவலுக்கு இருக்கும் பெரியவருக்கு என் வயது இருக்கும். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். போனை நீட்டியதும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுக்குப் போயி போட்டோ எதுக்குய்யா? அந்தா மேல பாருங்க, கூடு கட்டியிருக்கு" என்றார்.

இரண்டு மரக் கிளைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில், சுள்ளியும் இலையுமாக ஒரு பெரிய கூடு. கிளை தொட்டால்தான் அது ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவ முடியும், அதனால் தனி மரத்தில் கட்டாது என்றார். செம்பழுப்பு அணிலும் உண்டாம். அது மேலே மலையில், அடர்ந்த காட்டில். "அது வேற, இது வேற தாயி. இதுக்கு ரோமமெல்லாம் என் தலை மாதிரி நரைச்சிருக்கும்" என்று தலைத்துண்டை அவிழ்த்துக் காட்டினார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்து, செம்பழுப்புப் படத்தைக் கிழிக்கப் போனாள். கிழிக்க வேண்டாம் என்றேன். பக்கத்திலேயே சாம்பல் அணிலையும் வரைந்து, எதை எப்படி அடையாளம் காண்பது என்று தன் கையால் எழுதினாள். கடைசி வரியில், தோப்புக் காவல் தாத்தா சொன்னது என்று அவரையும் சேர்த்துக்கொண்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் திண்ணையில் ஒரு விளையாட்டு நடக்கிறது. பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நம் பக்கத்து வரைபடம் ஒன்றை வரைந்து வைத்திருக்கிறேன். வத்திராயிருப்பு, தாணிப்பாறை, செண்பகத்தோப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், பிளவக்கல் அணை எல்லாம் புள்ளியாக இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. குச்சியால் தொட்டால் பிள்ளைகள் பெயர் சொல்ல வேண்டும், அங்கே என்ன மரம், என்ன பிராணி என்றும் சொல்ல வேண்டும். முதலில் போனை எடுக்காமல் சொல்லிப் பார்ப்பது. அப்புறம் போனில் பார்ப்பது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நேரில் போய்ப் பார்ப்பது.

போன வாரம் குச்சி அவள் கைக்குப் போய்விட்டது. மலையடிவாரத்தில் ஒரு புள்ளியைத் தொட்டு, "தாத்தா, இது எந்த ஊர்?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று வரவில்லை. காரைக்கால் வகுப்பறையில் கலங்கிய அதே வயிறு, இத்தனை வருடம் கழித்து மறுபடி ஒரு கலங்கு கலங்கியது.